தடத்தின் மேல் ஓர் இலை

"வக்கீல்னா காகம்தான். சத்தத்திலேயே ஜெயிச்சிடும்" என்று மைனாக்கள் பேசிக்கொண்டது, எருமை இடித்துக் கால் ஒடிந்த ஆட்டின் காதில் விழுந்தது. கால் கூடும்வரை தீவனம் தரச் சொல்லி எருமை மேல் வழக்குப் போட, ஆடு காகத்திடம் போனது.

"தொழுவத்தையே வாங்கித் தரேன்" என்றது காகம். எப்படி இடித்தது என்று கேட்கவே இல்லை.

ஆடு இன்னொரு வக்கீலான கீரியிடம் போனது.

"எங்க இடிச்சுது, அக்கா? குளம்புத் தடம் இருக்கா?" என்றது கீரி.

"நான் ஒதுங்கி நின்ன பாதை ஓரம் வரைக்கும் இருக்கு. ஜெயிச்சிடுவோமா?"

"தடம் இருந்தா பேசிப் பார்க்கலாம். மழை வர்றதுக்குள்ள வாங்க."

மதியத்துக்கு வைத்திருந்த வாழையிலையைக் கவ்விக்கொண்டு ஆடு நொண்டியபடி முன்னால் நடந்தது. தடத்தின் மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தது.