யாரைக் கேட்டு ஆன் பண்ணினீங்க?

"யாரைக் கேட்டு அந்தச் சோதனை வசதிகளையெல்லாம் ஆன் பண்ணினீங்க?"

போனில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த அக்கா திடுக்கிட்டாள். ஆன்லைன் கம்ப்யூட்டர் கேமில் அவரும் அவளுமாக மாதக்கணக்கில் கட்டிய வீட்டில், அவர் அதை ஆன் பண்ணியதும் மாடியையே காணோம்.

"புதுசா மரமெல்லாம் வரும்னு போட்டிருந்தாங்க. உனக்குப் பிடிக்குமேன்னு..."

"அதுக்காக நகல் எடுத்து வைக்காமலா? எதுலயும் அவசரக்குடுக்கை!"

"நானே திரும்பக் கட்டிடறேன்மா."

"கையை வைக்காதீங்க! வாசல் இருக்கவேண்டிய இடத்துல ஜன்னலை வைப்பீங்க. சாப்பிட்டுட்டு நானும் வரேன்."

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "கோர்ட்டுல விவாகரத்து வாங்கி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் ஒரே வீட்லயாடி குடித்தனம்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த வீட்டைக் கட்டினது நான்க்கா. நான் எதுக்கு வெளிய போகணும்?"