பத்து வருஷத் தீர்ப்பு

ஒயின் ஆலையின் தலைமைச் சுவைஞருக்கு ஒரு வாரச் சளியில் மூக்கு மொத்தமாக அடைத்துக்கொண்டது. சிவப்பு ஒயினுக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

"இந்தப் பீப்பாய்களை இப்பவே வித்துடலாமா, இல்ல முதிர விடலாமா?" என்று கேட்டார் முதலாளி.

சுவைஞர் கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், உறிஞ்சினார். ஒன்றும் ஏறவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்திலிருந்த உதவியாளப் பெண்ணைப் பார்த்தார். கோப்பையை உதட்டில் வைத்திருந்த அவள் முகம் சட்டென்று மலர்ந்தது, கண்கள்கூடக் கலங்கின.

அது போதும் அவருக்கு. "பிரமாதம். பத்து வருஷம் வைங்க. வைக்க வைக்க அருமையா வரும்."

"பூட்டி வைக்கச் சொல்லிடறேன்" என்று முதலாளி கிளம்பினார்.

"உன்னையே கலங்க வச்சிடுச்சே, அப்படி என்னம்மா இருந்துச்சு அதுல?" என்று நைசாகக் கேட்டார் சுவைஞர்.

அவள் நெளிந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல. முழுகாம இருக்கேன். இப்பத்தான் பாப்பா முதல் தடவையா உதைச்சுது."

அவளை மனதார வாழ்த்தினார். பிறகு, வயிற்றுப் பிள்ளையின் உதைக்குத் தரம் சொன்ன முதல் நிபுணர் தான்தான் என்று நொந்து சிரித்தபடியே வாசலுக்கு ஓடினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எனக்குச் சளி."