பேபிக்கு ஒன்றும் ஆகக் கூடாது

“என் உசிரு இருக்கற வரைக்கும் இவ அதுல கால் வைக்க மாட்டா” என்றாள் பெரியநாயகி, படப்பிடிப்பு முடியும்வரை பேபியைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் அமர்த்திய ஆயா. இடுப்பில் இருந்த குழந்தை நட்சத்திரம் பேபி சந்திரகலா அவள் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

எதிரே கரிக் குவியல். மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் டிப்போவுக்குச் சொந்தமானது. மேலே சாம்பல் பூத்து, அங்கங்கே நூல் மாதிரிப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த டைரக்டருக்கு அந்தப் புகை பிடித்துப்போய்விட்டது.

படத்தில் ஒரு கூலிக்காரரின் மகன் அந்தக் குவியல் மேல் வெறுங்காலோடு ஓட வேண்டும். மகன் வேஷம் பேபிக்கு.

“நான் இந்த ஊர்லியே பொறந்தவ சார். வெளிய ஆறுனாப்பல இருக்கும். உள்ள நெருப்பு கனிஞ்சிகினே கெடக்கும். மாடுகூட ஏறாது.”

தயாரிப்பு மேனேஜர் துரைராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஒரே ஓட்டம்மா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அப்ப நீங்க ஓடுங்க.”

“அவரு ஓடுனா குவியலே சரிஞ்சிடும்” என்றான் லைட் பிடித்திருந்த ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

குடையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி சண்முகசுந்தரம் சிரிக்கவில்லை. அது அரசாங்கக் கடனில் எடுக்கும் படம். குழந்தை நடிகர்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்பது கடனுக்கு நிபந்தனை. அதைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

“அந்தம்மா சொல்றதுதான் சரி. பேபிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஆச்சுன்னா மீதிப் பணம் வராது.”

“அப்ப டூப் போட்டுக்கலாமா சார்? வேற பையன். முதுகு மட்டும்தான் தெரியும்” என்றார் துரைராஜ்.

“அந்தப் பையன் நடிகனா?”

“இல்ல சார். சும்மா இங்க வேடிக்கை பாக்கறவன் எவனாவது.”

“அப்ப அத ஏன் என்கிட்ட கேக்கறீங்க?”

கயிறு கட்டி மறித்த இடத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. “யாருடா ஓடறது? பரோட்டா வாங்கித் தரேன்” என்றார் துரைராஜ். ஒரு பையன் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்தான். பேபியின் உயரம். எண்ணெய் காணாத தலை.

“பேரு?”

“சாமிக்கண்ணு.”

“உங்க அப்பா அம்மா வந்து ரகளை பண்ணுவாங்களா?”

“பண்ண மாட்டாங்க.”

பெரியநாயகி குறுக்கே வந்தாள். “இவன் சின்னப் புள்ளயா இருக்கான் சார். பெரிய பையனாப் பாருங்க.”

“பேபி போவக் கூடாதுன்னே, சரின்னேன். இப்ப இவனும் போவக் கூடாதா? பேபி சட்டை எவனுக்குச் சேருதோ அவன்தானே போவணும்!” என்றார் துரைராஜ்.

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சட்டையை அவளையே மாட்டிவிடச் சொன்னார்கள். பேபியை இறக்கிவிட்டுச் சட்டையை விரித்தாள். அவள் சொல்வதற்கு முன்பே பையன் இரண்டு கைகளையும் தூக்கினான்.

“ஓரமாவே ஓடு. புகை வர்ற எடத்துல கால வெக்காத.”

அவள் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினான்.

முதல் முறை ஓரமாக ஓடி ஒழுங்காக இறங்கிவிட்டான். டைரக்டருக்குத் திருப்தியில்லை. புகைக்கு நடுவில் ஓடச் சொன்னார். நடுவில் போனபோது மேலே இருந்த சாம்பல் உடைந்து, வலது கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது.

“யப்பா... யப்பா...” என்று அலறினான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் ஏறி அவனைப் பிடுங்கி எடுத்தார்கள். பெரியநாயகி இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்தாள். பேபி வீறிட்டு அழுதபடி அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. நின்று, பேபியைத் தூக்கி அதன் கண்ணைப் பொத்தினாள்.

அதிகாரி எழுந்தார். “பேபிக்கு ஒண்ணும் இல்லையே?”

“பயந்துட்டா சார். அவ்ளோதான்” என்றார் துரைராஜ்.

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பையனை முந்திரி மரத்தடியில் கிடத்தினார்கள். மேக்கப்காரர் காலில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தடவினார். தோல் அவர் கையோடு வந்தது. அவர் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கம்பெனி வண்டி வெளியே போயிருக்கிறது, வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள்.

துரைராஜ் டிப்போ ஆபீசிலிருந்து வேகமாக வந்தார்.

“பெரியநாயகி, நல்ல சேதி. பேபியோட அம்மாவுக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். இன்னிக்கு நீ இல்லன்னா பேபி கால் போயிருக்கும்னு சொன்னேன். உன்னக் கையோட கூட்டியாரச் சொல்லிட்டாங்க. இனிமே நீ பேபிக்குப் பர்மனென்ட் ஆயா.”

அவள் முந்திரி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆயா வேலைக்குப் புள்ளகுட்டி இல்லாதவளாத்தான் பாக்கணும்னு அவங்க சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இப்பதான் புரியுது. சொந்தமா ஒண்ணு இருந்தா கண்ணு அதுமேலதானே போவும்?”

அவர் அடுத்த ஷாட்டுக்குப் போனார். பேபி அவள் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தது. பெரியநாயகி மெல்லப் பையன் பக்கத்தில் குந்தினாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“யம்மா, சுட்டப்பகூட உன்னக் கூப்புடவே இல்ல, பாத்தியா?”