தொடையில் இரண்டு தட்டு

பந்தின் தையலில் விரலை வைத்தான். விரல் நழுவியது.

கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். மறுபடியும் வியர்வை.

இன்று இதுவரை பந்து ஒருவர் மேலும் படவில்லை.

அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. நான்கு வருடத்தில் முப்பத்தொரு பேர். மாநில பேஸ்பாலில் பந்து வீசுகிற வேறெந்தப் பிட்சரும் இத்தனை பேட்டர்களைப் பந்தால் அடித்ததில்லை. முழங்கை, விலா, முதுகு, ஒரு முன்பல். ஆறு மாவட்டங்களில் கிளை திறந்த வியாபாரம்.

அடித்துவிட்டுச் சும்மா நிற்கவும் மாட்டான். ஓடிப்போய்ப் பட்ட இடத்தைத் தொட்டு, விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வான். யார் மேலாவது தெரியாமல் கால் பட்டால் செய்வோமே, அது. பேஸ்பால் விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. எதிரணிகளுக்குச் சிரிப்பு. கும்புடுசாமி என்று பெயர் வைத்தார்கள்.

காலையில் தேர்வாளர் அவன் தோளில் கைபோட்டார். அவருடைய அரசுத் துறை அணியில் ஒரே ஒரு பிட்சருக்கு இடம். கூடவே வேலை.

"வேகம் இருக்கு தம்பி. அதுல குத்தமே சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு ஒருத்தன் மேல பட்டாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஆமா."

அடுத்த மாதம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

இப்போது கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள்.

பந்து பேட்டர் மேல் பட்டால் முதல் பேஸ் அவனுக்கு இனாம். அவன் வந்தால் அங்கே நிற்பவன் நகரவேண்டும், அவனுக்காக அடுத்தவன் நகரவேண்டும். மூன்றாவது பேஸில் நிற்பவன் வேர்க்கடலை தின்றுகொண்டே நடந்து வந்து ஒரு ரன் எடுப்பான்.

அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும்.

எதிரணியில் மிச்சமிருந்த ஒரே மாற்று ஆளை மட்டை பிடிக்க அனுப்பினார்கள்.

மிக்கேல்.

முப்பத்தொரு பேரில் ஒருவன். போன வருடம். இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே.

அன்றும் இவன் ஓடினான். எங்கே தொடுவது என்று தெரியவில்லை. எல்லாம் ரத்தம். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. அந்த ஒருவனை மட்டும்தான் அவன் தொட்டுக் கும்பிடவில்லை.

"ஏலே மிக்கேலு, ஒடம்பக் குடுல! சாமி வந்து கும்புடும்!"

எதிரணி பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட்.

முதல் பந்து. நட்டநடுவே போனது. ஸ்ட்ரைக்.

இரண்டாவது. கேட்சரின் கையுறையில் பந்து அறைந்த சத்தம் கேட்ட பிறகுதான் மிக்கேலின் மட்டை சுழன்றது. சந்தை கலைந்த பிறகு சாக்கோடு வந்தவன் மாதிரி.

ஸ்ட்ரைக்.

கேட்சர் ஷாஜகான் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். கையுறையால் வாயை மறைத்தான்.

"அவனுக்கு அந்தக் கண்ணு போச்சுடா. அவன் ரூம்மேட் காலைலயே சொன்னான், நான்தான் ஒங்கிட்ட சொல்லல. இன்னைக்கு பேஸ் ஏறலைன்னா டீமும் கெடையாது, ஹாஸ்டல் சோறும் கெடையாதுன்னுட்டாராம் அவங்க கோச். அடி வாங்கத்தான் வந்து நிக்கிறான். நீ தள்ளி, வெளி ஓரமாப் போடு. ஒரே பந்து. வேலை ஒனக்கு."

முதுகில் தட்டிவிட்டுப் போனான். சந்தோஷமாகத்தான் தட்டினான்.

ஒரே பந்து. இதைவிட மலிவாக ஒரு வேலை எந்தச் சந்தையிலும் வராது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கேட்சருக்கும் அதே பாஷை. ஷாஜகான் குந்தி உட்கார்ந்து, தொடையிடுக்கில் இரண்டு விரல் காட்டினான்.

வெளியே.

மிக்கேல் தரையில் பதித்த வெள்ளைப் பலகையை ஒட்டி வந்தான். இன்னும் அரையடி. மிஞ்சிய கண்ணால் பார்க்க முகம் முழுவதையும் பிட்சர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

பிறகு மட்டையின் நுனியால் தன் இடது தொடையில் தட்டினான்.

ஒருமுறை.

மறுபடி.

இங்கே. முகத்தில் வேண்டாம்.

அவனும் விலை சொல்லிவிட்டான்.

நான்கு வருடமாகப் பந்து அதன் இஷ்டத்துக்குப் போய் யார் மேலாவது விழுந்தது. சொன்ன பேச்சு கேட்க அதற்கு இன்றைய தினம்தானா கிடைத்தது! வெளியே என்றால் வெளியே போகிறது. உள்ளே என்றால் உள்ளே போகும். பழைய பந்தாக இருந்தால் தானே போய்ப் பட்டிருக்கும். கைதவறி நடந்தது என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

படாதே, என்று பந்திடம் சொன்னான்.

படு, என்றும் சொன்னான்.

தேர்வாளர் நாற்காலியில் முன்னால் சரிந்து உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

ஷாஜகான் கையுறையை வெளிப்பக்கமாக நீட்டினான்.

கையுறைக்குள் பந்தை உருட்டி, உள்ளங்கை வரை தள்ளிப் பிடித்தான். வேகம் செத்துப்போகிற பிடி.

பிறகு வலது கையை வெளியே எடுத்தான். மிக்கேல் நின்ற திசையில் நீட்டி, காற்றைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏலே சாமி! இன்னும் படவே இல்லியே, அதுக்குள்ள என்னல கும்புடு?"

பெஞ்சு மறுபடி சிரித்தது.

ஷாஜகான் மட்டும் முகமூடிக்குள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று.