நான்காவது கால்

ஆறு மணிக்குப் பால் காய்ச்சினான். மகளின் சீருடையை எடுத்து வைத்தான். தண்ணீர் பாட்டிலை நிரப்பினான்.

பிறகு பால்கனிக்குப் போய், ஸ்டூலின் காலை இறுக்கிக் கட்டியிருந்த சைக்கிள் டியூபை அவிழ்த்தான்.

கால் கையோடு வந்தது.

மூன்றாவது முறை.

ஆதிரை எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"இன்னைக்கு ஏறலாமாப்பா?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன."

அவளை இடக்கையால் தூக்கி வாஷ்பேசின் முன் பிடித்துக்கொண்டான். அவள் பல் துலக்கினாள். கனம் கூடியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஸ்டூலே தேவைப்படாது.

ஸ்டூல் அவன் மனைவி செய்தது. மகள் தானே நின்று பல் துலக்க வேண்டும் என்று செய்தது. மூன்று கால்களை ஒட்டி முடித்திருந்தாள். அவை இன்றும் அசையவில்லை. நான்காவதற்குப் பசை எடுக்கும்போது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள்.

பதினான்கு மாதங்கள்.

காரியமெல்லாம் முடிந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது டப்பா திறந்தே கிடந்தது. பசையின் மேல் தோல் கட்டியிருந்தது. அதில் அவள் விரல் பதிந்த பள்ளம்.

தோலை எடுக்காமல், ஓரத்திலிருந்து வழித்து வெந்நீரில் கலக்கித்தான் மூன்று முறையும் ஒட்டினான்.

நேற்று ஹார்டுவேர் கடைக்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"தேதி முடிஞ்சு ஆறு மாசமாச்சுங்க. காத்து வேற பட்டிருக்குது. புள்ள ஏறி நின்னா விழுந்துருமுங்க. தூக்கி வீசிட்டுப் புதுசு வாங்கிக்குங்க."

வாங்கினான். பிரிக்கவில்லை. பழையதில் இன்னொரு முறை ஒட்டிப் பார்த்தான்.

இப்போது, காலில் காய்ந்திருந்த பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். மரம் வெளுத்து வந்தது. புதிய டப்பாவைப் பிரித்தான். தடவினான். டியூபைச் சுற்றி இறுக்கினான். மூடியைத் திருகினான். இன்னொரு முறை திருகினான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். அவள் அம்மாவிடமும் அதையேதான் சொன்னான்.

ஆஸ்பத்திரி போகும் வழியில், ஆட்டோவில், அவன் தோளில் தலை சாய்த்துக் கிடந்தவள் ஒன்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"பசை டப்பாவ மூடிட்டீங்கதானே?"