விசிறி ஏந்தியவள்

அது விசிறி இல்லை.

மூன்று வாரமாக அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் அருங்காட்சியகத்தின் அந்தக் கூடத்தில் அவள் காவலாளி. கண்ணாடிப் பேழைக்குள் சீன அரசவையின் ஆண்களும் பெண்களும். சுட்ட மண், முழங்கை உயரம். பிரபு ஒருவரின் கல்லறையில் அவருக்குத் துணையாக வைத்தவர்கள்.

ஆயிரத்து இருநூறு வருட இருட்டு.

ஒருத்தியின் கன்னத்தில் இன்னும் சிவப்பு போகவில்லை. இன்னொருத்தியின் கொண்டை, இதோ அவிழ்ந்துவிடும் என்பதுபோல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

காவலுக்கு நிற்கும் அவள் பார்ப்பதெல்லாம் ஓரத்தில் மண்டியிட்டிருப்பவளைத்தான்.

ஒரு கை மேலே, மறு கை கீழே. நடுவே ஒன்றுமில்லை. மரத்தில் செய்த எதுவோ மண்ணுக்குள் மக்கிப்போயிருந்தது. 'நீள்விசிறி ஏந்திய பணிப்பெண்' என்றது குறிப்பு.

இன்று காலை, பார்வையாளர்கள் வருமுன், காப்பாட்சியர் மீனலோசனி வந்தார். கையில் புதிதாகச் செய்த குட்டி மரவிசிறி. பேழையைத் திறந்தார்.

"மேடம், வைக்காதீங்க."

மீனலோசனி திரும்பினார். வணக்கத்துக்கு மேல் இவள் பேசி அவர் கேட்டதில்லை.

"ஏன்க்கா?"

அவள் தரையில் மண்டியிட்டாள். மண்பெண்ணைப் போலவே இடக்கையைத் தோளருகே உயர்த்தினாள்.

காம்பைப் பிடித்தால் விரல்கள் மூடியிருக்கும். இங்கே சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து எதையோ அழுத்தின. வலக்கை விரல்கள் வயிற்றருகே, மீட்டப்போகும் வாகில்.

"மடியப் பாருங்க. அங்க மட்டும் சாயம் இல்ல."

மீனலோசனி விளக்கைத் தாழ்த்தினார். பாவாடையின் பச்சைக்கு நடுவே, பாதி மாம்பழ வடிவில் வெறும் மண். வாத்தியத்தை மடியில் வைத்த பிறகுதான் வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

செய்தவன் யாரோ. வாத்தியம் போன பிறகும் விரல்களில் சுரம் நின்றிருந்தது.

மீனலோசனி விசிறியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குறிப்பு அட்டையைக் கழற்றினார்.

"நீங்க வாத்தியம் வாசிச்சவங்களா அக்கா?"

"வீணை வாசிக்கிறேன்."

'வாசிக்கிறேன்' என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. கணவர் இறந்தபோது துணி சுற்றி அலமாரிமேல் ஏற்றியது. பதினோரு வருடம்.

மாலை, வீட்டுக்குப் போகும் பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை.

தேக்கா கடைத்தெருவில் வீணைக்கம்பி விற்கும் கடை எட்டு மணி வரை திறந்திருக்கும்.