எட்டு மணிக்கு என்ன ஓடுது?

"எட்டு மணிக்கு எந்தச் சேனல்ல என்ன ஓடுதுன்னு காட்டுற பட்டியலை ஏன்யா பூட்டி வச்சிருக்கீங்க?" போனில் அவள் பல்லைக் கடித்தாள்.

"அதுக்குத் தனிச் சந்தா மேடம்," என்றான் கேபிள் கம்பெனியின் கஸ்டமர் கேர் ஆள்.

"டிவிக்குத்தான் மாசாமாசம் பணம் அழறோமே! ஹோட்டல்ல மெனு கார்டைக் காட்டக் காசு கேப்பாங்களா? எங்க தெருவே கையெழுத்துப் போட்டு மனு குடுத்துச்சே, என்னாச்சு?"

"பரிசீலனைல இருக்கு. அதுவரைக்கும் ஒவ்வொரு சேனலாத் தள்ளிப் பாத்துக்கங்க."

"ரிமோட்டை அமுக்கி அமுக்கி எங்க மாமியார் விரலே தேஞ்சு போச்சுய்யா!"

"அந்தப் பட்டியலை மாங்கு மாங்குன்னு உக்காந்து தயார் பண்றாங்க மேடம். அவங்க உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. போனை வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு, அதே கேபிள் கம்பெனியின் இரண்டாம் மாடியில் இருந்த தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

கம்ப்யூட்டரில் நாளைய நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்தாள். எழுபத்திரண்டு சேனலுக்கும் அவள் ஒருத்திதான் அடிக்க வேண்டும். அடித்தாள். எட்டு மணிக் கட்டத்தில் மட்டும், எழுபத்திரண்டுக்கும் ஒரே வரி:

'ஒவ்வொரு சேனலாத் தள்ளிப் பாத்துக்கங்க.'